பிக்கப் வண்டியில் பேஸ் சரியில்லை: வூஃபர் வாங்கும் முன்பும் பொருத்திய பின்பும் அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

தண்டையார்பேட்டையில் வண்டிகளுக்கு ஆடியோவும் வயரிங்கும் செய்துவரும் என்னிடம் பிக்கப் வண்டிக்காரர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "பேஸே வரலண்ணா, பெரிய வூஃபரா போட்டுடலாமா?" காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் பொலிரோ பிக்கப் ஆனாலும், விடுமுறைக்குக் குடும்பத்தோடு வெளியூர் போகும் வி-கிராஸ், ஹைலக்ஸ் ஆனாலும் கேள்வி மாறுவதில்லை. பதில் சொல்வதற்கு முன் நான் மல்டிமீட்டரை எடுத்துவிடுவேன். வூஃபர் சிறியது என்பதால் பேஸ் குறைந்த வண்டிகளைவிட, எர்த் (மின்சாரம் வண்டியின் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு), சிக்னல், வூஃபர் உட்காரும் பெட்டி ஆகிய மூன்றில் ஒன்று கெட்டுப்போய்ப் பேஸ் குறைந்த வண்டிகளே என் கைக்கு அதிகம் வந்திருக்கின்றன. அந்த வண்டிகளில் எவ்வளவு பெரிய வூஃபரைப் போட்டாலும் பணம்தான் போகும், குறை அப்படியே நிற்கும்.

கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டியின் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் முடியும் சோதனை முதலில் இருக்கும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு 1.5 வோல்ட் பென்சில் செல், உப்புத்தாள், 10 மற்றும் 12 எண் ஸ்பேனர், இரண்டு மீட்டர் தடித்த வயர், பென்டிரைவில் 30, 50, 80, 200 ஹெர்ட்ஸ் சோதனை ஒலிகளும் 30 முதல் 80 வரை மெல்ல ஏறும் ஒலியும். இவற்றைக் கொண்டு கீழே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்.

வேலையைத் தொடங்குமுன் மூன்று எச்சரிக்கைகள். பவர் வயரில் கை வைக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். மஞ்சள் உறை போட்ட வயரும், வயர்களை இணைக்கும் மஞ்சள் கப்ளரும் ஏர்பேக்குக்கு உரியவை. அவை சீட்டுக்கு அடியிலும் ஓடும் என்பதால், அவற்றில் டெஸ்ட் லேம்பையோ மீட்டர் முனையையோ குத்தவே கூடாது. மூன்றாவது, எண்ணூர் விரைவு சாலையில் ஓடும் பெரிய டிரெய்லர்கள் 24 வோல்ட் வண்டிகள், பிக்கப் 12 வோல்ட் வண்டி. டிரெய்லர் ஓட்டும் நண்பரின் செட்டைக் கடன் வாங்கிப் பொருத்தினால் அது சரியாக ஓடாது, உங்களுடையதை அங்கே பொருத்தினால் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) கருகிவிடும்.

## அறிகுறி: கம்பெனி செட்டில் பேஸ் மெலிந்து ஒலிக்கிறது, இன்னும் எதையும் மாற்றவில்லை

முதலில் செட்டின் ஆடியோ அமைப்பைத் திறந்து பாருங்கள். ஒலியை முன், பின் ஸ்பீக்கர்களுக்குப் பிரிக்கும் ஃபேடர் முழுதும் முன்பக்கம் தள்ளப்பட்டிருப்பதையும், பேஸ் அளவு குறைத்து வைக்கப்பட்டிருப்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் நடுவில் வைத்து ஒரு பாட்டைக் கேளுங்கள்.

அடுத்து பேலன்ஸை முழுதும் இடப்பக்கம் தள்ளிக் கேட்டுவிட்டு, நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பாடும்போது பேஸ் நன்றாக இருந்து, இரண்டு பக்கமும் சேர்ந்தவுடன் பேஸ் காணாமல் போனால், ஒரு கதவின் ஸ்பீக்கருக்குப் பிளஸும் மைனஸும் மாறியிருக்கிறது என்று பொருள். ஒரு ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுப்பதால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. கண்ணாடி இறக்கும் மோட்டாருக்காகவோ கதவு பூட்டுக்காகவோ டோர் பேடைக் கழற்றிய வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். ஸ்பீக்கர் கப்ளரைக் கழற்றி, பென்சில் செல்லின் பிளஸை ஸ்பீக்கரின் பிளஸுக்கு ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே வர வேண்டும். எல்லாக் கதவிலும் இப்படிப் பார்த்துவிட்டு, பிளஸ் வயர் பிளஸுக்கே வருகிறதா என்பதையும் வயரின் நிறத்தை வைத்து உறுதி செய்யுங்கள்.

டோர் பேட் கழன்றிருக்கும்போதே ஸ்பீக்கரின் விளிம்பு வளையத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். கதவுக்குள் இறங்கும் மழைநீரும் வெயிலும் சேர்ந்து அதை இற்றுப்போகச் செய்யும். கிழிந்திருந்தால் கதவு ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் போதும், வூஃபர் தேவைப்படாமலே போகலாம். கதவின் உட்தகட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்து தொங்கினாலும் பேஸ் குறையும், அதைத் திரும்ப ஒட்டுவதற்குச் செலவே இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பேஸ் போதவில்லை என்றால் வூஃபர் உண்மையிலேயே தேவை. கம்பெனி செட் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தொடர்ந்து கொடுக்கக்கூடியது ஏறத்தாழ 15 முதல் 20 வாட்தான். அந்தச் சக்தியில் ஒரு கதவு ஸ்பீக்கர் தவிலின் தொப்பிப் பக்கத்து முழக்கத்தை முழுமையாகக் கொண்டுவர முடியாது.

### அப்படியானால் எந்த வூஃபர்?

வாட் எண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், முதலில் டேப்பை வைத்து இடத்தை அளங்கள். ஒற்றை கேபின் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் பெட்டி வைக்க இடமிருக்காது. சீட்டுக்கு அடியில் போகும், ஆம்ப் உள்ளேயே இருக்கும் 8 அங்குல வூஃபர்தான் அங்கே நடைமுறைக்கு ஒத்தது. அவை 7 முதல் 8 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். சீட்டை முன்னும் பின்னும் முழுதும் நகர்த்தி, எங்கே இடைவெளி மிகக் குறைவோ அந்த அளவை எடுங்கள். ஆள் உட்கார்ந்தால் சீட்டின் கம்பி இன்னும் கொஞ்சம் இறங்கும் என்பதால் ஒரு சென்டிமீட்டராவது கூடுதலாக விட வேண்டும்.

இரட்டை கேபின் வண்டிகளில் பின்சீட்டின் முதுகுக்குப் பின்னாலோ அடியிலோ, ஆழம் குறைந்த 10 அங்குல வூஃபருக்கு ஒரு மூடிய பெட்டி வைக்கலாம். வூஃபரின் தாளில் எழுதியிருக்கும் கன அளவே இறுதியானது என்றாலும், பெரும்பாலான 10 அங்குல வூஃபர்களுக்கு 17 முதல் 21 லிட்டர் போதும். இவ்வளவு சிறிய கேபினில் தாழ்ந்த ஒலிக்கு இயல்பாகவே ஒரு தூக்கல் கிடைக்கிறது. காற்றுத்துளை வைத்த பெரிய பெட்டிக்கு அங்கே அவசியமில்லை. அது இடத்தையும் பிடிக்கும், பாட்டின் நுணுக்கத்தையும் குழப்பும். பெட்டியை 18 மில்லிமீட்டர் பலகையில் செய்யச் சொல்லுங்கள். நம் பகுதியில் மழைத் தண்ணீர் கேபினுக்குள் வரும் வாய்ப்பு இருப்பதால் எம்டிஎஃப் வேண்டாம், மரைன் பிளைவுட் என்று நான் வற்புறுத்துவேன். எம்டிஎஃப் ஒருமுறை நனைந்து ஊதிவிட்டால் பிறகு எந்தப் பசையும் அதைப் பிடிக்காது.

ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ ஒரு ஆம்பை எடுத்துப் பார்க்கும்போது மேலே அச்சிட்டிருக்கும் 1500 வாட்டை விட்டுவிட்டு, பக்கத்தில் செருகியிருக்கும் ஃபியூஸின் எண்ணைப் படியுங்கள். 25 ஆம்பியர் ஃபியூஸ் என்றால், 25-ஐ 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 345 வாட் உள்ளே போகிறது. டி வகுப்பு ஆம்பில் அதில் எண்பது சதவீதம், அதாவது சுமார் 275 வாட்தான் ஒலியாக வெளியே வர முடியும். பழைய ஏபி வகுப்பாக இருந்தால் அதைவிடவும் குறைவு. உள்ளே போகாத மின்சாரம் வெளியே வராது என்பதால் 1500 என்ற எண்ணுக்கு அங்கே இடமே இல்லை. ஒரு பிக்கப் கேபினுக்கு ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் சக்தி) கணக்கில் 150 முதல் 300 வாட் தாராளமாகப் போதும்.

கம்பெனி செட்டை மாற்றாமல் சேர்ப்பதாக இருந்தால், ஸ்பீக்கர் வயரை நேரடியாக உள்வாங்கும் வசதி அந்த ஆம்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சிக்னலை ஆர்சிஏவாக (ஆம்புக்கு ஒலி கொடுக்கும் செருகு இணைப்பு) மாற்றித் தரும் கன்வர்ட்டர் ஒன்று தனியாக வேண்டும். கம்பெனி வயரை வெட்டாமல், உங்கள் வண்டிக்குரிய கப்ளரை வாங்கி இடையில் செருகுவதே வாரண்டிக்கும் நல்லது, பின்னாளில் பழுது தேடுபவருக்கும் நல்லது.

## அறிகுறி: ஒலியைக் கூட்டக் கூட மற்றவை கூடுகின்றன, பேஸ் மட்டும் கூட மறுக்கிறது

இது பழுதில்லை. சிறிய கதவு ஸ்பீக்கர் கிழியாமல் இருக்கப் பல கம்பெனி செட்டுகள் ஒலி கூடும்போது தாழ்ந்த ஒலியைத் தாங்களாகவே வெட்டுகின்றன. அந்த வெட்டப்பட்ட சிக்னலை வூஃபருக்குக் கொடுத்தால், குறைந்த ஒலியில் அதிரும், கூட்டினால் அடங்கிவிடும்.

உறுதி செய்ய, ஸ்பீக்கர் வயரில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, செட்டின் அளவை நான்கு நான்காகக் கூட்டி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 200 ஹெர்ட்ஸில் அதையே செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக ஏறினால் செட் வெட்டவில்லை. 200 ஏறிக்கொண்டே போக, 50 ஓரிடத்தில் நின்றுவிட்டால் செட் வெட்டுகிறது.

அப்போது முதலில் பின்கதவு வயரிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். சில வண்டிகளில் அங்கே வெட்டு குறைவு, சிக்னலை அங்கிருந்து எடுத்தால் போதும். எல்லா வயரிலும் வெட்டு இருந்தால், இழந்த பேஸை மீட்டுத் தரும் டிஎஸ்பி வகைக் கருவியோ, செட்டையே மாற்றுவதோதான் வழி. இந்த இடத்தில் கைதேர்ந்த ஆடியோ பொருத்துநரிடம் போய்விடுங்கள். இன்னும் பெரிய வூஃபர் வாங்குவதால் மட்டும் இந்தக் குறை தீராது.

## அறிகுறி: வூஃபர் பொருத்தியாயிற்று, சத்தமே இல்லை

ஆம்பின் விளக்கைப் பாருங்கள். வழி அங்கிருந்து மூன்றாகப் பிரிகிறது.

விளக்கே எரியவில்லை. பேட்டரி அருகில் உள்ள ஃபியூஸையும் ஆம்பின் ஃபியூஸையும் எடுத்து மீட்டரில் சோதியுங்கள். ஃபியூஸ் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தும் உள்ளே அறுந்திருப்பதுண்டு. அடுத்து ஆம்பின் பவர் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே 12 வோல்ட்டுக்கு மேல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், செட் ஓடும்போது ஆம்பை விழிக்க வைக்கும் ரிமோட் முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். கம்பெனி செட்டுகள் பலவற்றில் ரிமோட் வயரே கிடையாது. கன்வர்ட்டரின் ரிமோட் முனையிலிருந்தோ, சாவி திருப்பினால் மட்டும் உயிர்பெறும் ஏசிசி ஃபியூஸிலிருந்தோ அதை எடுத்திருக்க வேண்டும். மூன்று முனையும் சரியாக இருந்து விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் ஆம்ப் பழுது, பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

விளக்கு எரிகிறது, ஒலி இல்லை. நன்றாக ஓடும் செல்போனிலிருந்து 3.5 மில்லிமீட்டர் வயர் வழியாக ஆம்பின் ஆர்சிஏவுக்கு நேராகப் பாட்டைக் கொடுங்கள். ஆம்பில் உள்வரும் சிக்னலின் அளவைப் பொருத்தும் குமிழான கெயினைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். வூஃபர் பாடினால் குறை செட்டுக்கும் ஆம்புக்கும் இடையில் இருக்கிறது. பாடவில்லை என்றால் வூஃபரின் வயரைக் கழற்றி ஓம் அளங்கள். 4 ஓம் காயில் (வூஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். மீட்டர் எல்லை கடந்ததாகக் காட்டினால் காயில் அறுந்துவிட்டது.

சிவப்பு புரொடெக்ட் விளக்கு எரிகிறது, அதாவது ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது. வூஃபர் வயரை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி ஓட விடுங்கள். சிவப்பு அணைந்தால், சீட்டின் தண்டவாளத்தில் நசுங்கிய வயரோ காயிலோ ஷார்ட். அணையவில்லை என்றால் ஆர்சிஏவையும் கழற்றிப் பாருங்கள். அப்போதும் சிவப்பு என்றால் ஆம்பின் உள்ளே பழுது. அதைத் திறந்து பார்க்க முயல வேண்டாம்.

இரட்டைக் காயில் உள்ள வூஃபரில் இணைப்பையும் ஒருமுறை சரிபாருங்கள். இரண்டு 4 ஓம் காயில்களை இணையாகச் சேர்த்தால் 2 ஓம், தொடராகச் சேர்த்தால் 8 ஓம். 4 ஓம் வரைக்கும்தான் தாங்கும் ஆம்பில் 2 ஓம் கொடுத்தால் புரொடெக்ட் வருவது இயல்பே.

இன்னொன்று, இதில் செட்டே போய்விடும் என்பதால் கவனம் தேவை. கம்பெனி செட்டின் ஸ்பீக்கர் வயர்கள் இரண்டிலுமே பாடி எர்த்தை ஒப்பிட்டால் ஏறத்தாழ 6 வோல்ட் நிற்கும். மைனஸ் வயர்தானே என்று அதை எர்த்தோடு சேர்த்தால் செட்டின் உள் ஆம்ப் தன்னைப் பாதுகாக்க அடங்கிவிடும், அல்லது கருகும். விலை குறைந்த கன்வர்ட்டரைப் பொருத்தியவுடன் கதவு ஸ்பீக்கர்களும் மௌனமானால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

## அறிகுறி: எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளைச் சத்தம்

"வண்டிய ரெய்ஸ் பண்ணா செட்டும் கூடவே கத்துதுண்ணா" என்பார்கள். கடலோரத்தில் வண்டி ஓட்டும் நமக்கு இது மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகமாக வரும், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துக் கேளுங்கள். ஆல்டர்னேட்டரின் ஊளை உயர்ந்த ஒலி. 80 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டும்படி அமைத்த வூஃபரில் அது கேட்கவே கூடாது. வூஃபரில் கேட்டால் ஆம்பின் வடிப்பான் ஸ்விட்ச் தாழ்ந்த ஒலிக்கான நிலையில் இல்லாமல் முழு ஒலி நிலையில் இருக்கிறது, அதை மாற்றுங்கள். கதவு ஸ்பீக்கர்களில் கேட்டால், செல்போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்குங்கள். ஆக்ஸ் வயரும் சார்ஜரும் ஒரே நேரத்தில் போனில் இருந்தால் இந்த ஊளை வருவது வழக்கம், பலருக்கு இத்தோடு முடிந்துவிடும்.

தீரவில்லை என்றால் ஆம்பிலிருந்து ஆர்சிஏவைக் கழற்றுங்கள். ஊளை நின்றால் அது சிக்னலோடு வருகிறது. ஆர்சிஏ வயர் பவர் வயரோடு ஒரே பக்கத்தில் ஓடுகிறதா என்று பார்த்து, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் மாற்றுங்கள். ஊளை நிற்கவில்லை என்றால் எர்த்.

எர்த்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போய்வரும் ஒரு வண்டியில் வேறொரு இடத்தில் இரண்டு முறை ஆம்ப் மாற்றியும் ஊளை போகவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். எர்த் போல்ட் இறுக்கமாக இருந்தது, மேலே புத்தம் புதிய டேப் சுற்றியிருந்தது. டேப்பை உரித்தபோது, வயரின் முனையைப் போல்ட்டில் மாட்டும் லக்கின் கழுத்துப் பகுதியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. லக்கை விரலால் அசைத்தவுடன் முப்பதுக்கு மேற்பட்ட செம்பு இழைகளில் ஏழெட்டு மட்டும் பிடித்திருக்க, மற்றவை கருத்து உதிர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தன. போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் சுரண்டப்படவே இல்லை. ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் தொட்டியிலிருந்து கேபினின் பின்சுவர் வழியாக இறங்கி, அந்த லக்கில் தேங்கி நின்றிருக்கிறது. லக்கை வெட்டியெறிந்து புதிதாகப் போட்டு, இடத்தை மாற்றியதும் பழைய ஆம்பே சுத்தமாகப் பாடியது.

ஆகவே மீட்டரில் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் ஒலியை நல்ல சத்தத்தில் ஓட விட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை ஆம்பின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பாதையில் எங்கோ தடை இருக்கிறது. கையில் உள்ள இரண்டு மீட்டர் தடித்த வயரால் ஆம்பின் எர்த்தை வேறொரு சுத்தமான பாடி போல்ட்டுக்குத் தற்காலிகமாக இணையுங்கள். ஊளை நின்றால் குறை கிடைத்துவிட்டது.

சரிசெய்யும் முறை: கேபினின் உள்ளே, ஆம்பிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சீட் பெல்ட் போல்ட் உயிர் காப்பது, அதை எர்த்துக்குப் பயன்படுத்தாதீர்கள். பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளபளக்கும்வரை கொண்டுவந்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு அதன்மேல் வாசலினோ கிரீஸோ தடவி மூடுங்கள். டேப் மட்டும் சுற்றுவது ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதாகும். கடற்கரையோரம் ஓடும் வண்டியில் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன் இதைத் திறந்து பாருங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சிறிய சென்சார் பெட்டி இருக்கும் வண்டிகளில் எந்த எர்த்தையும் நேராகப் பேட்டரி முனையில் கட்ட வேண்டாம், பாடியில்தான் கட்ட வேண்டும்.

எர்த் மாற்றியும் சிக்னலைப் பிரித்தும் ஊளை போகாவிட்டால், செட்டின் உள்ளே ஆர்சிஏவின் எர்த் அறுந்திருக்கலாம், ஆல்டர்னேட்டரின் டையோடு பழுதாகியிருக்கலாம். பின்னதற்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன் தேவை, அதைத் தள்ளிப்போட்டால் பேட்டரியும் சேர்ந்து கெடும்.

## அறிகுறி: சத்தம் கூட்டினால் வூஃபர் விட்டுவிட்டுப் பாடுகிறது, ஹெட்லைட் மங்குகிறது

வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசியும் ஹெட்லைட்டும் போட்டுக்கொண்டு, ஒலி ஓடும்போதே பேட்டரி முனைகளிலும் ஆம்ப் முனைகளிலும் வோல்ட் அளங்கள். பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை இருந்து ஆம்பில் அதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், குறை இடையில் உள்ள வயரில். பேட்டரியிலேயே 12.5-க்குக் கீழே விழுந்தால் குறை பேட்டரியிலோ ஆல்டர்னேட்டரிலோ. புதிய வண்டிகள் சிலவற்றில் எரிபொருளைச் சேமிக்க ஆல்டர்னேட்டர் அவ்வப்போது வோல்ட்டைத் தானே குறைக்கும் என்பதால், சில நிமிடம் தொடர்ந்து கவனித்துவிட்டு முடிவெடுங்கள்.

வயரில் குறை என்றால் முதலில் ஃபியூஸ் பெட்டியிலும் ஆம்பிலும் உள்ள திருகுகளை இறுக்குங்கள். எண்ணூர் விரைவு சாலைப் பள்ளங்களில் ஓடும் வண்டியில் அவை தளர்வது சாதாரணம். பிறகு வயரின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறத்துக்கு உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பைவிடக் குறைவான மின்சாரத்தையே அது தாங்கும், உப்புக் காற்றில் முனை சீக்கிரம் பொடியும். 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஆம்புக்கு, ஐந்து மீட்டர் நீளத்துக்கு, அசல் செம்பில் 8 கேஜ் வயர் வேண்டும். பெரிய ஆம்ப் என்றால் 4 கேஜ். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இல்லாமல் எந்த வயரும் புறப்படக் கூடாது. எஞ்சின் அறைச் சுவரைக் கடக்கும் இடத்தில் வயரைக் காக்கும் ரப்பர் வளையமான கிராமெட் இல்லையென்றால் வண்டியை அன்றைக்கே நிறுத்திச் சரிசெய்யுங்கள். தகட்டின் கூர்மை வயரை அறுத்தால், ஃபியூஸும் இல்லாத வண்டி தீப்பிடிக்கும்.

வோல்ட் எல்லாம் சரியாக இருந்தும் ஆம்ப் நின்று, ஆறிய பிறகு பாடினால் அது சூடு. சீட்டுக்கு அடியில் கார்பெட்டால் மூடி வைத்த ஆம்பைக் காற்றுப் படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

## அறிகுறி: பேஸ் வருகிறது, ஆனால் கடமுடவென்று அதிர்கிறது அல்லது குழைந்து கேட்கிறது

கேபினுக்குள் உள்ள பொருள்களை முதலில் சந்தேகியுங்கள். பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஜாக்கி, வீல் ஸ்பேனர், சீட் பெல்ட் கொக்கி ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை ஓட விட்டு, இன்னொருவரைக் கொண்டு ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தச் சொல்லுங்கள். பின்சுவர் தகடே அதிர்ந்தால் அதில் டேம்பிங் ஷீட் ஒட்டினால் அடங்கும்.

அதிர்வில்லை, ஒலிதான் குழைகிறது என்றால் ஆம்பின் வடிப்பானை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். டிரைவர் சீட்டில் அமர்ந்து 80 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்டபடி, கோன் அசையும் திசையைத் திருப்பும் ஃபேஸ் ஸ்விட்சை 0-விலும் 180-இலும் மாற்றிப் பாருங்கள். எதில் சத்தம் அதிகமோ அதுவே சரி.

அடுத்தது பெட்டியின் கசிவு. மூடிய பெட்டியில் கோனை இரு உள்ளங்கைகளாலும் மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். மெல்லத் திரும்பினால் பெட்டி நன்றாக இருக்கிறது, சட்டென்று திரும்பினால் காற்று எங்கோ போகிறது. ஒரு ஊதுபத்தியை ஏற்றி, 30 ஹெர்ட்ஸ் ஒலி ஓடும்போது பலகை சேரும் விளிம்புகளிலும் வயர் நுழையும் இடத்திலும் கொண்டுபோங்கள். கசியும் இடத்தில் புகை துடிக்கும். அங்கே மரப்பசையோ பியூ சீலண்டோ போடுங்கள். புளித்த வாடை வீசும் சிலிகான் வேண்டாம், அதன் ஆவி செம்பு இணைப்புகளை அரிக்கும்.

செட்டைப் போடும்போதும் அணைக்கும்போதும் மட்டும் 'தொம்' என்று ஒரு இடி கேட்டால், ரிமோட் வயர் தவறான இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. கன்வர்ட்டரின் ரிமோட் முனைக்கு மாற்றினால் நின்றுவிடும்.

## அறிகுறி: கோன் உரசுகிறது, கருகல் வாடை வருகிறது

உடனே ஒலியைக் குறையுங்கள். வண்டி நின்றபின் கோனை நேராக, சமமாக உள்ளே அழுத்தினால் உரசும் ஓசை கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் காயில் சூட்டில் உருமாறிவிட்டது. காயிலையும் கோனையும் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். விலை உயர்ந்த வூஃபருக்கு மட்டுமே அது கட்டுப்படியாகும், மற்றவற்றுக்குப் புதிதே மேல்.

புதிதை மாட்டுமுன் பழையது ஏன் போனது என்று தெரிந்துகொள்வது அவசியம். பெரும்பாலும் கெயின்தான் காரணம். அதைச் சத்தம் கூட்டும் குமிழாக நினைத்து முழுதும் திருப்பினால், ஆம்ப் தன் எல்லையைத் தாண்டி வெட்டுப்பட்ட ஒலியைக் கொடுத்துக் காயிலைச் சுடும். சரியான முறை: வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, செட்டின் பேஸ் பூஸ்டை நிறுத்தி, ஒலியை முக்கால் அளவில் வைத்து 50 ஹெர்ட்ஸ் ஓட விடுங்கள். ஆம்பின் வெளியீட்டில் ஏசி வோல்ட் அளந்தபடி கெயினை மெல்ல ஏற்றுங்கள். எங்கே நிறுத்துவது என்பதற்கு, வாட்டை ஓமால் பெருக்கி அதன் வர்க்கமூலத்தை எடுங்கள். 4 ஓமில் 250 வாட் என்றால் 31.6 வோல்ட், 2 ஓமில் 250 வாட் என்றால் 22.4 வோல்ட். ஆம்பின் வாட், வூஃபரின் வாட் இரண்டில் எது குறைவோ அதையே கணக்கில் எடுக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் என்பதால் விலை குறைந்த மீட்டரும் அதைச் சரியாகவே அளக்கும்.

## அறிகுறி: வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், மணலிப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்ததைப் பார்த்தோம். சீட்டுக்கு அடியில் உள்ள வூஃபரும் ஆம்பும் முழங்கால் அளவுத் தண்ணீருக்கே மூழ்கிவிடும். ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்காதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஆம்பை எடுத்து, பழுது பார்ப்பவரிடம் திறந்து கழுவி உலர்த்தக் கொடுங்கள். போட்டுப் பார்க்காமல் கொண்டுவந்த ஆம்புகளில் பல பிழைத்திருக்கின்றன. சீட்டுக்கு அடியில் ஏர்பேக் கப்ளர் நனைந்திருந்தால் அது கம்பெனி சர்வீஸ் மையத்தின் வேலை.

## அறிகுறி: இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் மீன் வண்டிகள் ஓய்வாக நிற்கும்போதுதான் இந்தப் புகார் கூடுகிறது. தினமும் ஓடியபோது ஆல்டர்னேட்டர் ஈடுகட்டி மறைத்த குறை, வண்டி நின்றதும் வெளியே தெரிகிறது.

சாவியை எடுத்துவிட்டு ஆம்பின் விளக்கைப் பாருங்கள். எரிந்துகொண்டிருந்தால் ரிமோட் வயர் எப்போதும் உயிருள்ள இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. ஏசிசிக்கு மாற்றுங்கள். ஒலி கேட்டுத் தானாக விழிக்கும் வகை ஆம்ப் என்றால், சில நிமிடங்களில் தானே உறங்குகிறதா என்று பாருங்கள்.

விளக்கு அணைந்திருந்தால் மீட்டரை 10 ஆம்பியர் முனைக்கு மாற்றி, பேட்டரி நெகட்டிவுக்கும் கழற்றிய வயருக்கும் இடையே வையுங்கள். கதவைத் திறக்காமலும் சாவியைத் திருப்பாமலும் அரை மணி நேரம் காத்திருங்கள். 0.05 ஆம்பியருக்குள் அடங்கினால் இயல்பு. அதைத் தாண்டினால் ஆம்பின் மெயின் ஃபியூஸைப் பிடுங்குங்கள். எண் விழுந்தால் ஆடியோதான் காரணம், விழவில்லை என்றால் ஆடியோவுக்குத் தொடர்பில்லை. வண்டியின் ஃபியூஸ் பெட்டியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தேட ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழையுங்கள். 0.5 ஆம்பியர் இழுத்தாலே 65 ஏஎச் பேட்டரி ஐந்தரை நாளில் முழுதும் காலியாகும், ஸ்டார்ட் ஆக மறுப்பதற்கு அதில் பாதி நாளே போதும்.

நீண்ட நாள் நிறுத்தப் போகும் வண்டியில் பேட்டரி அருகில் உள்ள ஆம்ப் ஃபியூஸை மட்டும் எடுத்து டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். தடைக்காலம் முடிந்து செருகும்போது, ஃபியூஸ் கூட்டின் உள்ளே பச்சைப் பொடி பூத்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, தேய்த்துவிட்டுச் செருகுங்கள்.